முதலாளியிடம் குழம்பு கேட்ட தாப்பாள்

பிள்ளைகளா, போனில் எவனாவது அதட்டினால் பதறிப்போகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதுக்கோட்டை ஜில்லாவிலேயே மணமேடையில் பொண்ணிடம் ஆதார் கார்டு கேட்ட ஒரே மாப்பிள்ளை எங்கள் தாப்பாள்தான். அவர் நிஜப்பெயர் ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்குறீங்க?" என்பார்.

திருமயத்தில் எங்கள் முந்திரிப்பருப்பு மொத்தக் கடை. நான் பில் போடுகிறவன், அவர் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். கொரோனா ஊரடங்கில் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பைக்கிலோ சைக்கிளிலோ கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனோம். நம் வீட்டில் நீங்கள் அதில் கேம் போட்டதை வீடியோ காலில் பார்த்துவிட்டு அலறினார்: "அண்ணே, கேம் வழியா கள்ளன் வந்துருவான்! பிள்ளைங்கள அங்கிட்டுத் தள்ளுங்க!"

அப்புறம் ஒரு சட்டம் போட்டார். தினமும் காலையில் அவரவர் வீட்டு லேண்ட்லைனிலோ பழைய நம்பரிலோ அன்றைய குழம்பை எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். பிறகு யார் பாஸ்வேர்டு கேட்டாலும் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன கொழம்பு?" முதலாளிக்காக அவர் மனைவி ஆச்சி சென்னையிலிருந்து சொல்லிவிடுவார்.

"மொதலாளி போட்டோவ எவனும் திருடலாம்ணே. ஆச்சி அடுப்புல என்ன கொதிக்குதுன்னு அவனுக்கு எப்புடித் தெரியும்?"

ஒருநாள் முதலாளியே புது நம்பரில் பாஸ்வேர்டு கேட்டார். கொரோனாவில் தொண்டை கட்டி, குரல் வேற யாரோ மாதிரி. தாப்பாள் கான்பரன்ஸ் காலில் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

"என்ன கொழம்புங்க?"

"யோவ், எனக்கு மணமும் தெரியல, ருசியும் தெரியல. தட்டுல கெடக்கறது சாம்பாரா சுடுதண்ணியான்னே தெரியல!"

"அப்ப பாஸ்வேர்டு கெடையாதுங்க."

"ஒன்ன வேலைய விட்டுத் தூக்கிருவேன்!"

"தூக்குங்க. தூக்குன பெறகும் கொழம்பு சொல்லணும்."

தூக்கியே விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையே எனக்கு ஒரு கால். முதலாளி போட்டோ, அதே கட்டின தொண்டை, அதே பாஸ்வேர்டு அவசரம். ஆனாலும் என்ன குழம்பு என்று கேட்டுவிட்டேன்.

"கறிக்கொழம்புய்யா, சீக்கிரம் சொல்லு."

காலையில் ஆச்சி சொன்னது பருப்புக் குழம்பு; வெள்ளிக்கிழமை முட்டைகூட வாசல் தாண்டாத வீடு அது! போனை வைத்துவிட்டு ஆச்சியைக் கூப்பிட்டேன். முதலாளி போனே பண்ணவில்லையாம்.

விஷயம் பரவியதும் பில் போடுகிற நான், லோடு அனுப்புகிறவர், எல்லாருமாய் முதலாளிக்குப் போன் போட்டு ஒரே பேச்சாகச் சொன்னோம்: "தாப்பாள் வராம நாங்க யாரும் கம்ப்யூட்டரத் தொறக்க மாட்டோம். எங்களையும் தூக்கணும்னா தூக்குங்க." முதலாளி இருமிக்கொண்டே, "வரச் சொல்லுங்கய்யா" என்றார்.

கேட்கிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் திருப்பிக் கேளுங்கள் பிள்ளைகளா. கோபப்பட்டால் படட்டும்.

பஸ் ஓடாத நேரம். தாப்பாள் குளத்தூர்ப் பக்கமிருந்து அத்தனை தூரம் சைக்கிள் மிதித்தே ஆபீசுக்கு வந்தார். உள்ளே அவர் எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டிருக்க, நான் வெளியே வந்தேன். பக்கத்துக் கடையில் பம்பு வாங்கி, அவர் சைக்கிளின் இரண்டு டயருக்கும் காற்றடித்து வைத்தேன்.