தெற்கென்றால் வலக்கை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

பெருமதிப்புக்குரிய குலநாயகம் மச்சான் அவர்களுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். என் சீனியும் உங்கள் தங்கச்சியின் பிறஷரும் டொக்டர் சொன்ன எல்லைக்குள் நிற்கின்றன. நீங்களும் ரொறன்ரோப் பனியில் வழுக்கி விழாமல் குடும்பத்தோடு சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதாமல் அங்கு வரும் அபிஷன் தம்பியின் கையில் கொடுத்துவிடுவதற்குக் காரணம், என் ஃபோனை எனக்கு முன்னரே உங்கள் தங்கச்சி சுபாஷினி வாசித்துவிடுவாள் என்பதுதான். விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நீங்கள் வரும்போது உங்கள் அறையில் ஏசி இருக்காது. தயவுசெய்து பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை எடுங்கள். ஆனால் அது உங்கள் சொந்த யோசனை என்று தங்கச்சிக்குச் சொல்லுங்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அண்ணா வந்து நிற்கப் போகிறார் என்று அவள் அந்த அறையின் யன்னல் சீலையை இரண்டாம் முறையும் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

குற்றம் என்னுடையதுதான், ஆனால் முழுக்க என்னுடையதல்ல. ஏசி இல்லாமல் கண் மூடமாட்டேன் என்று நீங்கள் சொன்ன கிழமையே ஏசி வாங்கியாயிற்று, அது பெட்டியோடு இருக்கிறது, அதன் மேல் இப்போது உடுப்பு மடித்து வைக்கிறோம். எலெக்ட்ரிஷியன் சப்ரி வந்து பார்த்துவிட்டு, ஏசிக்குத் தனி வயர் வேண்டும், அதை வெளி விறாந்தையிலுள்ள மெயின் போர்டிலிருந்து சுவரைத் துளைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்றார். தன்னுடைய டிரில்லை வைத்தார். பிட் உடைந்தது, இன்னொன்றும் உடைந்தது, கீழ்மாடிக்காரர் தும்புத்தடியால் எங்கள் நிலத்தை இடித்தார். "இது சுத்தக் கொங்கிரீட் சேர், உள்ளுக்குக் கம்பியும் ஈக்கிது. டயமன்ட் டிரில்தான் சரி. தண்ணி ஊத்தி ஊத்தி வெட்டுவாங்க, தூசி இல்ல, இடி இல்ல, ரவுண்டா கேக் வெட்டின மாதிரி வரும்" என்றார். டயமன்ட் என்ற சொல் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சுபாஷினிவரை போய்விட்டது. "என்ர காதுக்கு வராத வைரம் சுவருக்கு வருதோ" என்று அங்கிருந்து குரல் வந்தது. அது நகை வைரம் இல்லை, குழாயின் விளிம்பில் பொடியாகப் பதித்திருப்பார்கள் என்று விளங்கப்படுத்தினேன். "பொடியெண்டாலும் வைரந்தானே" என்றாள்.

பிறகு டயமன்ட் டிரில்லோடு ஜயசிரி என்ற சிங்கள மேசன் பாஸ் வந்தார். நான் சேவைக்காலம் முழுவதும் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் மொழிபெயர்த்தவன், சுற்றுநிருபத்தில் ஒரு காற்புள்ளி தவறினாலும் சாப்பாடு இறங்காதவன் என்பது உங்களுக்குத் தெரியும். மெயின் போர்ட் தெற்குச் சுவருக்கு வெளியே. ஆகவே வாசலில் நின்றபடியே, நல்ல உச்சரிப்போடு, "பாஸ், தகுணு பித்திய" என்றேன். பாஸ் தலையாட்டினார். அவருடைய தேநீருக்கு மீன் வைத்த மாலுபாண் வாங்கக் காலி வீதிக்கு இறங்கினேன். மச்சான், சிங்களத்தில் தகுண என்றால் தெற்கு. வலதுக்கும் அதே சொல்தான். இது எனக்குத் தெரியாதா? அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை எழுதுவினைஞர்களை ஏசியிருக்கிறேன். பாஸ் கடலைப் பார்த்து நின்றிருக்கிறார். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் வடக்கு. வடக்குச் சுவருக்கு அப்பால் விறாந்தை இல்லை, புவாத்தின் வீடு இருக்கிறது.

புவாத் எங்கள் மாடிவீட்டுக் கொமிட்டியின் தலைவர். லிஃப்டில் அவர் ஒட்டிய அறிவித்தலில் 'குப்பை கொண்டு செல்லகூடாது' என்றிருந்ததை, ஒரு தமிழன் என்ற முறையில், சிவப்புப் பேனையால் ஒரு 'க்' போட்டுத் திருத்தினேன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. அவருடைய மனைவி ஹமீமாவும் சுபாஷினியும் அதுவரை ஒரே கறிவேப்பிலைக் கட்டைப் பாதியாக வாங்கியவர்கள். அதையும் நிறுத்தும்படி நான்தான் சொன்னேன்.

மாலுபாணோடு திரும்பி வருகிறேன், சுவரில் வட்டமாக வெளிச்சம் தெரிகிறது. கொங்கிரீட் உருளை மற்றப் பக்கம் விழுந்து ஹமீமா அரிசி ஊறவைத்த சட்டிக்குள் போய் இருந்துவிட்டது. சாம்பல் நிறத் தண்ணீர் அவர்களின் புது மெத்தைச் செற்றியில் வழிந்திருக்கிறது. நல்ல காலம், செற்றிக்குப் பொலித்தீன் போட்டிருந்தார்களாம். நான் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தேன். மறுபக்கம் ஒரு கண் நின்றது.

"என்னா சேர், எழுத்தத் திருத்தி முடிஞ்சி இப்ப செவரயும் திருத்த வந்தீங்களா?" என்றது அந்தக் கண்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டைக்குள் வாய் வைத்துக் கேட்டேன். புவாத் கோபப்படவில்லை, அதைவிட மோசமாகச் சட்டம் கதைத்தார். கொமிட்டி கூடித் தீர்மானிக்கும்வரை இந்த வீட்டில் எந்தச் சுவரிலும் டிரில் வைக்க முடியாது, ஓட்டையையும் அடைக்கக்கூடாது, அது சாட்சி என்றார். கொமிட்டி கூடுவது நீங்கள் வந்து திரும்பிப் போன பிறகு.

இப்போது அந்தச் சாட்சி என்ன வேலை செய்கிறது தெரியுமா? முருங்கைக்காய் அதற்குள்ளால் அளவெடுத்த மாதிரிப் போகிறது. இங்கிருந்து முருங்கைக்காய் போக, அங்கிருந்து வாழையிலையில் சுருட்டிய ஏதாவது வருகிறது. காலையில் நான் பேப்பர் பார்க்க இருந்தால் "சுபா, எழும்பிட்டீங்களா?" என்று சுவர் கேட்கிறது. நேற்று புவாத்தே ஒரு கடதாசியைச் சுருட்டித் தள்ளினார். தண்ணித் தாங்கி கழுவுவது பற்றிய அறிவித்தல். "ஒருக்காப் பாருங்க சேர், சிவப்பு வாணாம், பென்சிலால" என்றார். பார்த்துக் கொடுத்தேன், ஆறு பிழை. அந்த நல்ல நேரத்தில் ஏசி விஷயத்தை மெதுவாக எடுத்தேன். "அது வேற, இது வேற சேர்" என்று சுவர் சொல்லிவிட்டது.

எனக்கு வெட்கம்தான், மச்சான். ஒரேயொரு சொல்லால் அவளுடைய அண்ணாவை வீட்டில் நிற்காமல் பண்ணிவிட்டேன். இரவில் அந்த அறையில் போய்ப் படுத்துப் பார்த்தேன். புழுக்கத்தில் எனக்கே முடியவில்லை, உங்களுக்கு எப்படி முடியும்? ஆகவே ஹோட்டலுக்கு எழுதிவிடுங்கள். பகலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காரணமாக முதுகுவலி, கடற்காற்று, எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். என் சிங்களத்தை மட்டும் இழுக்காதீர்கள்.

மருமக்கள் எல்லாருக்கும் எங்கள் ஆசிகள். கதிரேசன் உங்கள் கால்களுக்குப் பலமும், என் பேரில் உங்களுக்குக் கொஞ்சம் பொறுமையும் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
சி. தயாபரன்

பி.கு: அண்ணா, இது சுபா. இவர் குளிக்கப் போன நேரம் கடிதம் மேசையில கிடந்தது, வாசிச்சிட்டன். இவற்ற சிங்களத்தில ஒரு பிழையும் இல்லை. பாஸ் தெற்குச் சுவரிலதான் மெசினை வைச்சவர். பிறகு சந்தேகத்தில என்னட்டத் திரும்பி "நோனா, மே பித்தியத?", இந்தச் சுவரோ எண்டு கேட்டவர். நான்தான் இல்லையெண்டு சொல்லி மற்றச் சுவரைக் காட்டினனான். ஹமீமாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லி, அவ செற்றிக்குப் பொலித்தீன் போட்ட பிறகுதான் தொடங்கச் சொன்னனான். அரிசிச் சட்டியை எடுக்கத்தான் ரெண்டு பேரும் மறந்து போனம். ஒரு 'க்'குக்காக ஆம்பிளையள் முகத்தைத் திருப்பினா நாங்கள் எவ்வளவு காலத்துக்கு ஃபோனில குசுகுசுக்கிறது? இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம், தன்ர பிழையெண்டு நினைச்சுக்கொண்டு இப்ப எல்லாரோடையும் பணிவாக் கதைக்கிறார். ஏசி இல்லாதது உண்மைதான், அறை புழுங்கும், நான் மறைக்கேல்லை. அம்மா செத்ததுக்கும் நீங்கள் வரேல்லை, நான் ஒண்டும் கேக்கேல்லை, இப்பவும் கேக்கமாட்டன். ஆனா ஒண்டு அண்ணா, குளிர் வேணுமெண்டா ஹோட்டலில நில்லுங்கோ, தங்கச்சி வேணுமெண்டா இஞ்ச வாங்கோ.