இல்லாத முதுகுவலிக்கு ஒரு பலகை

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம், அதுவும் போன வாரத்திலிருந்துதான் நலம். அங்கே உங்கள் நலமும் குழந்தைகள் நலமும் அறிய ஆவல். பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிடுவதாக என் மனைவி சொல்லியிருந்தாள் அல்லவா, அது ரத்து.

நடந்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் நாம். சில மாதங்களாகவே படுக்கையில் எனக்குக் காரியம் கைகூடவில்லை. மனசு தயார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. முதல் தடவை அசதி என்றேன், அடுத்த தடவை முதுகுவலி என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவள் நம்பித் தொலைத்தாள். மெத்தையே ஆகாது என்று மறுநாளே தச்சரிடம் கனத்த பலகை ஒன்று வாங்கி, ஹாலில் போட்டு, என்னை அதில் கிடத்தினாள். தப்பித்தோம் என்று படுத்தேன். படுத்துப் படுத்து நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்க நான் போகிற வீடுகளில் குனிந்தால், வீட்டுக்காரர்தான் என்னைத் தூக்கி நிறுத்த வேண்டும். இதற்குள் அவள் வேறு கணக்குப் போட்டுவிட்டாள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "என்னப் பிடிக்காமப் போச்சுன்னா நேராச் சொல்லிடுங்க. பலகையக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம்" என்றாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், தலையைக் குனிந்துகொண்டுதான். முதுகு இருந்த லட்சணத்தில் வேறு எப்படியும் நிற்க முடியாது. அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். பிறகு, "மோட்டார் ஓடலன்னு கூப்பிடுறவங்கள, மொதல்ல கரண்ட் வருதான்னு பாத்தீங்களான்னு திட்டுவீங்களே. உங்களுக்குன்னு வந்தா மட்டும் மூடி வெச்சுக்குவீங்களா? கெளம்புங்க டாக்டர்கிட்ட" என்றாள்.

டாக்டர் மெல்லப் பேசவே தெரியாத மனிதர். "இதுக்குப் போயா மறச்சீங்க? நாப்பது தாண்டுன ஆம்பளைங்க எத்தனையோ பேருக்கு வர்றதுதான்" என்றதும், வெளியே காத்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் செல்போனைப் பார்க்கத் தொடங்கியது கதவிடுக்கில் தெரிந்தது. ரத்தம் பார்த்ததில் சர்க்கரை எக்கச்சக்கம். அங்கே போகும் ரத்தக்குழாய் சன்னமானதாம், கோளாறு அங்கே முதலில் தெரியுமாம், விட்டிருந்தால் அடுத்து இதயத்தில் கை வைத்திருக்கலாமாம். சர்க்கரைக்கு மருந்து, தினமும் நடை, சிகரெட்டுக்கு முழுக்கு, இதற்கென்று தனியாக ஒரு மாத்திரை. "ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க, பயமே பாதி வியாதி" என்றார். மாத்திரை வேலை செய்தது. ஆனால் அவளுக்கு என்மேல் வெறுப்பில்லை என்று தெரிந்த அன்றைக்கே எனக்குப் போன உயிர் திரும்பிவிட்டது, சகலை.

இது நமக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் வீட்டம்மா காதுக்குப் போனால் என் மானம் கப்பலேறிவிடும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஓரளவு நிமிர்ந்துவிட்ட
உங்கள் சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் என் மனைவி வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்துத் தள்ளினாள். டாக்டர் விலாசத்தைக் கொடுத்ததே அவள் அக்காதானாம். போன வருஷம் பல்வலி என்று சொல்லி எங்கள் வீட்டில் வந்து தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டீர்களே, அதே டாக்டராம். அவர் பல்லே பார்ப்பதில்லை. ஏன் சகலை, எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?