அவசரம் உண்டு

இந்தக் காலத்து ஆட்களின் புத்தி செல்லசாமிக்குப் பிடிபடவே இல்லை. பொழியூரிலிருந்து வருகிற மீன்காரியிடம் நாலு சாளை வாங்க வேண்டுமென்றால் செவுளை விரித்துப் பார்ப்பார்கள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்காமலும் போவார்கள். பெற்ற பிள்ளையின் காரியம் என்று வந்தால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாரோ ஒருவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். சாளைக்கு இருக்கிற மரியாதை பிள்ளைக்குக் கிடையாது.

இப்போதைக்கு அந்த யாரோ ஒருவனின் பெயர் ஜெயதாஸ். காரோடு என்ற ஊரில் ஒரு பேக்கரியின் மாடிதான் அவருடைய சன்னிதானம். படியேறும் இடத்தில் ஒரு பலகை: 'புக் பிரஸ்னம். மெடிக்கல் பரீட்சைக்கு மட்டும்.' பிரஸ்னம் என்றால் குறி பார்ப்பது. அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் ஜனம் விழுந்தது. ஸ்பெஷலிஸ்ட் அல்லவா!

இந்தத் தமிழ்நாடு, கேரள எல்லைப் பக்கத்தில் இப்போது நாலு வீட்டுக்கு ஒரு பிள்ளை ஜார்ஜியாவிலோ கிர்கிஸ்தானிலோ டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து நிற்கிறது. அந்தப் பட்டம் இங்கே செல்ல வேண்டுமானால் ஒரு ஸ்க்ரீனிங் பரீட்சை எழுத வேண்டும். பத்தொன்பது பாடம், முந்நூறு கேள்வி. நூற்றைம்பது சரியாக இருந்தால் டாக்டர். நூற்று நாற்பத்தொன்பது என்றால், வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளை. எந்தப் புத்தகம் படிக்க, எந்த ஆப்பில் வீடியோ பார்க்க, ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் ஓட்ட, எப்போது திருப்பிப் படிக்க என்று பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொள்வது நியாயம்தான். அந்த மண்டையிடிக்குத்தான் ஜெயதாஸ் தைலம் விற்றார்.

வித்தை இவ்வளவுதான். புத்தகங்களை மேசையில் பரப்ப வேண்டும். அவர் சிவப்பு நூலில் ஒரு பித்தளைக் குண்டைக் கட்டி ஒவ்வொன்றின் மேலும் பிடிப்பார். குண்டு வட்டம் சுற்றினால் அது உங்கள் புத்தகம். அசையாமல் நின்றால் தோஷப் புத்தகம். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் என்று சொல்வார். இந்து என்றால் நட்சத்திரக் கணக்கு. கிறிஸ்தவர் என்றால் ஞானஸ்நானத் தேதி. மதச்சார்பின்மையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துக் காணிக்கையையும் ஒரே பெட்டியில்தான் போடுவார்.

செல்லசாமிக்கு இதில் தலையிட ஆசை இல்லை. அவர் மூன்றாம் கிளாஸோடு நிறுத்தியவர். பாறசாலைச் சந்தையில் நாற்பது வருடம் மூட்டை தூக்கிச் சுமடு எடுத்தவர். ஆனால் தங்கை சத்தியபாயின் மகள் பின்சி இரண்டு தடவை அந்தப் பரீட்சை எழுதி, முதல் தடவை நூற்று முப்பத்தெட்டும், இரண்டாம் தடவை நூற்று நாற்பத்து மூன்றும் வாங்கியிருந்தாள். மூன்றாவதற்கு நாற்பது நாள்தான் இருந்தது. போன சனிக்கிழமை சத்தியபாய் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு புதிய கேள்விப் புத்தகம். குண்டு சுற்றோ சுற்றென்று சுற்றியதாம். தினம் பத்தொன்பது பக்கம். அதற்கு மேல் ஒரு வரி படித்தாலும் ஆபத்து. இன்னொரு உத்தரவும் உண்டு: மருந்தியல் என்ற பாடம் அவளுக்குச் சேராது, அதை விட்டுவிட வேண்டும். அவள் மூன்று வருடமாகக் கைப்பட எழுதிய மருந்தியல் நோட்டுகளை அடுத்த சனிக்கிழமை சாரிடம் ஒப்படைத்தால், அவர் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் விட்டு தோஷம் கழிப்பார்.

"மருந்து படிக்காம டாக்டரா?" என்று கேட்டார் செல்லசாமி. "நாளைக்கு நோயாளி வந்தா குண்டைத் தொங்கப்போட்டுக் காட்டுவியாளா?"

"அண்ணனுக்கு எல்லாம் கேலியாக்கும்" என்றாள் சத்தியபாய். "ரெண்டு தடவ தோத்த வீட்டுக்க வேதனை உங்களுக்கு என்ன தெரியும்?"

அந்தச் சனிக்கிழமை மூவருமாகப் போனார்கள். நோட்டுகள் இருந்த துணிப்பையைப் பின்சி மார்போடு பிடித்திருந்தாள். செல்லசாமியின் கையில் பழைய பத்திரிகையில் பொதிந்து, சணல் கட்டிய இரண்டு கட்டுகள் இருந்தன. அது என்ன என்று சத்தியபாய் கேட்டதற்கு, அவர் பஸ் வருகிற பக்கம் கையைக் காட்டினார்.

மாடியில் நிற்க இடமில்லை. வரிசையில் முன்னால் நின்றவள் செங்கல் என்ற ஊரைச் சேர்ந்த விஜயம்மா. மகன் ஆதித்யன் போன தடவை பாஸ். இப்போது மருமகளுக்காக, அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"குண்டைப் பிடிச்சோண்டு சாரு ஒரே வாக்காக்கும் சொன்னாரு, அண்ணா. 'அவசரம் உண்டு'ண்ணு. அவசரம்னா சான்ஸு, கேட்டியளா? சொன்னது போல எனக்க மோன் நூத்தி அறுவத்திரெண்டு!"

"ஆதித்யன் படிக்கவே இல்லியா?"

"பின்ன படிக்காமலா? ராவும் பகலும் படிச்சான். ஆனாலும் சாருக்க வாக்கில்லியா!"

பின்னால் நின்றவர் மோகனன். இவருடைய மகன் பிரதீஷும் போன தடவை எழுதினான். போய்விட்டது.

"உமக்க பயல் தோத்தானே, ஓய்? நீரு எதுக்கு இங்க வந்து நிக்கியீரு?"

"சாருக்க வாக்கு தப்பல்ல, செல்லசாமி" என்றார் மோகனன் பக்தியோடு. "அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, 'அவசரம் உண்டு'ண்ணு. பயலுக்குப் பதட்டம். கடைசி முப்பது கேள்வியையும் வாசிக்காம அமுக்கிட்டு ஓடி வந்துட்டான். அவரு சொன்னதாக்கும் நடந்தது."

செல்லசாமி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தமிழில் அவசரம் என்றால் பதற்றம், ஓட்டம். இந்த ஊரில் ஒவ்வொருத்தன் வாயிலும் இரண்டு பாஷையும் ஒன்றாகக் குடியிருக்கிறது. பாஸானவன் மலையாளத்தில் கேட்டுக்கொள்கிறான். தோற்றவன் தமிழில் கேட்டுக்கொள்கிறான். சாருக்கு இரண்டு பக்கமும் வெற்றி. எல்லையில் கடை போட்டால் இப்படியல்லவா போட வேண்டும்!

முறை வந்தது. ஜெயதாஸ் வெள்ளை டாக்டர் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மாடியில் பரீட்சை எழுதாமலே கோட்டு போட்டவர் அவர் ஒருத்தர்தான். மேசையில் கிடந்த குண்டைச் செல்லசாமி உற்றுப் பார்த்தார். கொத்தன் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டு. புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"வரணும் மோளே" என்றார் ஜெயதாஸ். "நோட்டு கொண்டு வந்தியா? ஒண்ணும் பயப்படாதே. கடல் எடுத்தோண்டு போவட்டும்."

பின்சியின் கை துணிப்பையிலிருந்து கழலவில்லை. சத்தியபாய் மெல்ல இழுத்தாள்.

"அதுக்கு முன்னால ஒரு சந்தேகம், சாரே" என்றார் செல்லசாமி. "பிள்ளைக்குக் கூடப் படிச்சவ ரெண்டு புஸ்தகம் தந்திருக்கா. இதுல எது சேரும்ணு பாக்கணும். பொதிஞ்சு வச்சிருக்கு. குண்டுக்கு அட்டையைப் பாக்கணுமா?"

ஜெயதாஸ் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "குண்டு அட்டையைப் பாக்காது. உள்ள இருக்கியதையாக்கும் பாக்கும்."

"அது கொள்ளாம், நல்லது" என்று இரண்டு கட்டுகளையும் வைத்தார் செல்லசாமி.

ஜெயதாஸ் வழக்கம்போல ஒவ்வொன்றையும் இரண்டு கையிலும் ஏந்தி நெற்றியில் ஒற்றினார். ஜனம் அதைப் பக்தி என்று நினைத்தது. சுமடு எடுத்தவனுக்குத் தெரியாதா, தூக்கிப் பார்த்தாலே உள்ளே இருக்கிற சரக்கு பாதி தெரிந்துவிடும் என்று? அதனால்தான் செல்லசாமி மெலிந்த கட்டுக்குள் இரண்டு துண்டு ஓடு வைத்து, கனம் சமமாகக் கட்டியிருந்தார். நாற்பது வருடக் கை. ஒரு ரூபாய்த் துட்டுக்குக்கூட வித்தியாசம் தெரியாது.

முதல் கட்டின் மேல் குண்டு தொங்கியது. அசையவில்லை. ஜெயதாஸின் நெற்றி சுருங்கியது. "மகா தோஷம். இதைத் தொட்ட கையைக் கழுவணும்."

இரண்டாம் கட்டு. குண்டு ஒரு நடுங்கு நடுங்கி, வட்டம் போடத் தொடங்கியது. சின்ன வட்டம், பெரிய வட்டம், அப்புறம் ராட்டினம். கூட்டம் "ஓ" என்றது.

"சர்ஜரி!" என்றார் ஜெயதாஸ் கண்ணை மூடி. "நாப்பது மார்க்கு இதுக்க உள்ள இருக்கு. தினம் பத்தொம்பது பக்கம். மோளே, உனக்கு அவசரம் உண்டு!"

"பின்சி, பிரி" என்றார் செல்லசாமி.

அவள் முதல் கட்டின் சணலை அவிழ்த்தாள். போன சனிக்கிழமை இதே மேசையில், இதே குண்டு சுற்றோ சுற்றென்று சுற்றிய அதே கேள்விப் புத்தகம். அதன் நெற்றியில் ஜெயதாஸ் வைத்த மஞ்சள் கூட அழியாமல் இருந்தது.

"இதைத் தொட்ட கையைத்தானே சாரே கழுவணும்? நீங்க தந்த கையில தொடங்குவோமா?"

இரண்டாம் கட்டைப் பிரித்தாள். ஓட்டுத் துண்டு இரண்டும் மேசையில் விழுந்தன. பிறகு ஒரு மெல்லிய புத்தகம். அவள் தலைப்பை உரக்க வாசித்தாள்: "ஏத்தவாழை சாகுபடி. குருத்தழுகலும் தடுப்பு முறையும்."

யாரோ ஒருத்தன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"எத்தன பக்கம், மக்கா?"

"பதினாறு, மாமா."

"தினம் பத்தொம்பது படிக்கணுமாமே. மிச்சம் மூணு பக்கத்துக்கு வாழைத்தோப்புல போய் நிக்கணுமா, சாரே?"

கூட்டம் இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜெயதாஸ் லேசில் விழுகிற ஆளில்லை. குண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு குரலை உயர்த்தினார். "ஏமாத்திக் கட்டின கட்டுல கிரகம் நிக்குமா? பரிசோதனைண்ணு வந்தா சக்தி மாறிப் போவும். நான் சொன்ன வாக்கைக் கேளுங்க. அவசரம் உண்டுண்ணு சொன்னேனா இல்லியா? இந்த மாமனுக்க அவசரம்தான் எல்லாத்தையும் கெடுத்தது!"

"ஆங், அந்த வாக்கு" என்றார் செல்லசாமி. "நானும் அதுக்காகத்தான் நிக்கியேன். விஜயம்மா, உனக்க மோனுக்கு என்ன சொன்னாரு?"

"அவசரம் உண்டுண்ணு."

"மோகனா, உமக்க பயலுக்கு?"

"அவசரம் உண்டு..." என்றவர் வாயைப் பாதியில் மூடினார். விஜயம்மாவும் மோகனனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒரு மாதமாக ஒரே வரிசையில் நின்றவர்கள், அன்றைக்குத்தான் ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் கேட்டார்கள்.

"தமிழா மலையாளமா, சாரே?" என்றார் செல்லசாமி. "பதட்டத்துக்கு மலையாளத்துல திருதிண்ணு தனியா ஒரு சொல்லு உண்டு. வாய்ப்புக்குச் சான்ஸுண்ணு கொச்சுப் பிள்ளையும் சொல்லும். இந்தப் பிள்ளைக்குத் திருதியா, சான்ஸா? அவசரம் வேண்டாம். ரெண்டுல ஒண்ணை இந்தப் பேப்பர்ல எழுதி ஒப்புப் போடும். ரிசல்ட் வந்த அன்னைக்கு எல்லாரும் சேர்ந்து வாசிப்போம்."

வாழைப் புத்தகத்தின் பின்னட்டை வெள்ளையாக இருந்தது. அதையே நீட்டினார். மோகனன் தன் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் சத்தம் கேட்டது.

ஜெயதாஸ் பேனாவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கோட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"ஒரு நிமிஷம். எனக்கு ஒரு அவசரம் உண்டு."

"எந்தப் பாஷையில, சாரே?" என்றாள் விஜயம்மா.

மாடியே குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் டாக்டர் கோட்டு படியிறங்கிப் போயிற்று. குண்டு மேசையில் கிடந்தது. எந்தப் புத்தகத்தின் மேலும் அது சுற்றவில்லை. அதைச் சுற்ற வைத்த விரல்கள் பஸ் ஏறிவிட்டன.

சத்தியபாய் தலை குனிந்து நின்றாள். பின்சிதான் பேசினாள். "எனக்குத் தெரியும், மாமா. ரெண்டு தடவையும் மருந்தியல்லதான் மார்க்கு போச்சு. அதைத் திறந்தாலே பயம். அவரு விட்டுடுண்ணு சொன்னப்பம் சந்தோஷமா இருந்தது. அதான் நம்பினேன்."

"இப்பம்?"

"இப்பம் முதல்ல அதுதான். பத்து நாள் அதுக்கு. தினம் கேள்வி போட்டுப் பாத்து, தப்பினதை மட்டும் மறுபடி. மற்ற பாடம் அதுக்குப் பிறகு."

"பாஸாவியா?"

"தெரியாது, மாமா."

"கொள்ளாம். இந்த மாடியில இன்னைக்கு நான் கேட்ட முதல் உண்மை" என்றார் செல்லசாமி. அவள் நோட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.

செல்லசாமி வாழைப் புத்தகத்தை மடக்கி இடுப்பில் செருகினார். அடுத்த மாதம் கன்று வைக்க வேண்டும். இந்த மாடியிலிருந்து உருப்படியாகப் போகிற புத்தகம் அது ஒன்றுதான்.

விஜயம்மா வழி மறித்தாள். மருமகளின் புத்தகங்களை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள். கண்ணில் அதே பழைய பளபளப்பு.

"அண்ணா, உங்க கை ராசியான கையாக்கும். இதை ஒண்ணு தூக்கிப் பாத்துச் சொல்லுங்க, மருமவ எதைப் படிக்கணும்ணு."

மோகனனும் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். வரிசை.

செல்லசாமி அவர்களை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "நான் தூக்கினா எத்தன கிலோண்ணு சொல்லுவேன். உள்ள என்ன எழுதியிருக்குண்ணு திறந்து பாத்தாத்தான் தெரியும். திறக்கப் போறது உனக்க மருமவ. அவளிட்ட கேட்டியா? அதுக்கும் முன்னால சொந்த மண்டையிட்ட ஒரு தடவ கேளு. அதுக்குக் காணிக்கை வேண்டாம், நாளும் நட்சத்திரமும் வேண்டாம்" என்று தன் நெற்றியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டு இறங்கினார்.

பாதிப் படியில் மேலேயிருந்து விஜயம்மாவின் குரல் கேட்டது. மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பாத்தியா மோளே? படிக்கியதுக்கு முன்னால நெத்தியில ரெண்டு தடவ தட்டணுமாக்கும். வலது கையா இடது கையாண்ணு நாளைக்குக் கேப்போம்."

செல்லசாமி திரும்பிப் பார்க்கவில்லை. பாறசாலை பஸ் வருகிற பக்கம் வேகமாக நடந்தார்.