இடக்கை எத்தியெனின் சாதகம்

நல்லம்மாக்காவின் வீட்டு அழைப்புமணியை அழுத்திய பிறகுதான், யாருக்குச் சாதகம் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்யாமல் வந்துவிட்டோம் என்பது உருத்திரமூர்த்திக்கு உறைத்தது. கையில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. அதில் ஒருவருடைய பிறந்த திகதி, நேரம், ஊர். ஓரத்தில் கடுகுச் சோஸ் கறை.

உண்மையைச் சொல்ல முடியாது. அது வில்லரே மார்மொத் பேஸ்போல் அணியின் பந்தெறிகாரர் எத்தியெனின் சாதகம்.

மார்மொத் என்பது குளிர்காலம் முழுக்க வளைக்குள் நித்திரை கொள்ளும் ஒரு பிராணி. அணியின் நிர்வாக அலுவலகமான கந்தோர் கோடையிலும் அப்படித்தான் என்பது உருத்திரமூர்த்தியின் குற்றச்சாட்டு. எத்தியெனின் ஒப்பந்தம் இந்தக் கோடையோடு முடிகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லவால் அணி அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மார்மொத் கந்தோரோ இன்னும் மூன்று வருடம் கொடுப்பதா விடுவதா என்று வாயைத் திறக்கவில்லை.

உருத்திரமூர்த்தி வாரத்தில் ஐந்து நாள் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குபவர். ஆறாம் நாள் அவருக்கு மைதானம், மூன்றாவது வரிசை. பக்கத்து இருக்கையில் புரோசார்ட்டிலிருந்து பாலம் கடந்து வரும் கோவிந்தராஜன், ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர். எத்தியெனுக்கு வயது முப்பத்துமூன்று, தோள் ஒருமுறை வெட்டித் தைத்தது, பந்தின் வேகம் வருடா வருடம் குறைகிறது, விட்டுவிடுவதே புத்தி என்பது பேராசிரியரின் கட்சி. வேகத்தை மெஷின் அளக்கும், நெஞ்சை எந்த மெஷின் அளக்கும் என்பது உருத்திரமூர்த்தியின் கட்சி. இந்தச் சண்டை இருபது வாரமாக நடக்கிறது. இருவருக்கும் அதைவிடச் சந்தோசமான பொழுது வேறு இல்லை.

சண்டையில் இருவருக்கும் பொதுவான ஆள் ஒருவர் இருந்தார். ரிக்கெற் விற்கும் ஜன்னலுக்கு மேலே திரை போட்ட ஒரு சிறிய அறை. போன வருடம் அங்கே லப்ரொப் கணினியோடு யாரோ புதிதாக வந்திருக்கிறார்களாம். ஒப்பந்தம் யாருக்கு, எத்தனை வருடம் என்பதெல்லாம் அந்த ஆளின் கையில்தானாம். கோவிந்தராஜன் அந்த லப்ரொப்பை மெச்சினார். உருத்திரமூர்த்தி அதற்குக் கடிதம் எழுதினார்.

எழுதினார் என்றால், அவர் தமிழில் சொல்லச் சொல்ல மகள் வித்தியா பிரெஞ்சில் தட்டி அனுப்புவாள். வித்தியாவுக்கு வயது முப்பது. நகரத்தில் ஏதோ ஒரு கந்தோரில் கணக்குப் புள்ளிவிவர வேலை, சனி ஞாயிறும் ஏதோ வேலை. என்ன வேலை என்று அவர் ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. ‘மூளையைக் கழற்றிச் சார்ஜில் போட்டிருக்கும் கனவானே’ என்று அவர் தொடங்கினால், பிள்ளை முகத்தைக் கோணாமல் அதையும் தட்டுவாள். இரண்டு கிழமையில் மரியாதையான ஒரு மறுமொழி வரும். அந்த ஆள் வருமுன் கந்தோருக்கு எழுதியவற்றோடு, மூன்று வருடத்தில் நாற்பத்தொரு கடிதம். கந்தோர் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். பழைய மனேச்சர் பந்தைப் பிடிக்கத் தெரியாத தன் மருமகனை அணியில் வைத்திருந்த காலத்தில், கந்தோரில் ஒருவர் இருந்தால் அவருடைய குடும்பத்தவர் அணியில் ஆடக் கூடாது என்று உருத்திரமூர்த்தி எழுதிய கடிதம் அது. அதைச் சட்டமாக்கி ரிக்கெற் ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் அவர் உள்ளே போவார்.

சாதகம் பார்க்கும் யோசனை அவருக்கு வந்ததே கோவிந்தராஜனை வாயடைக்கத்தான். மூன்று வருட ஒப்பந்தம் என்றால் மூன்று வருடத்துக்குக் கிரகம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாமா? மைதானத்தில் ஹொட்டோக் விற்கும் ஜினெத் அம்மா எத்தியெனின் தாய். பிறந்த நேரம் கேட்டதும், ஏன் என்றுகூடக் கேட்காமல், காலை ஆறு நாற்பது என்று மனப்பாடம்போலச் சொல்லிவிட்டார்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. போன வருடம் ஒரு விளையாட்டுக்காரரின் காயம் ஆற முருகன் கோயிலில் அவர் பெயரில் உருத்திரமூர்த்தி அர்ச்சனை செய்வித்தார். பெயரைச் சொல்ல முடியாமல் ஐயர் மூன்று தரம் தடுமாறியதில் கோயிலே சிரித்தது. இனிமேல் பேஸ்போலுக்குள் சாமியையோ சாத்திரத்தையோ இழுத்தால் சனிக்கிழமைகளில் மைதானம் இல்லை, கோயில் மடப்பள்ளிதான் என்று மனைவி சிவமலர் அன்றைக்கே சத்தியம் வாங்கிவிட்டார்.

நல்லம்மாக்கா கதவைத் திறந்து, துண்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஒருமுறை பார்த்தார். பஞ்சாங்கம் மேசையில் மூடியபடி கிடந்தது.

“ஆருக்குத் தம்பி?”

“தெரிஞ்ச ஒரு பொடியனுக்கு, அக்கா.”

“இடக்கை வாக்கோ?”

உருத்திரமூர்த்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. பஞ்சாங்கத்தைத் தொடாமலே கையைச் சொல்லிவிட்டாரே. ஓம் என்று மட்டும் தலையாட்டினார்.

“சனி முடியிற நேரம். ஆள் இடம் மாறுவார். ஆனா உங்கட கையை விட்டுப் போகமாட்டார்.”

இடம் மாறினாலும் கையை விட்டுப் போகமாட்டார் என்றால் என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்தார். ஒப்பந்தம் கிடைக்கும் என்றுதான் அர்த்தம் என்று மெத்ரோ ரயில் நிலையத்தடியில் முடிவு செய்தார். வீட்டுக் கதவைத் திறந்தபோது சிவமலர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் தைப்பொங்கல்போல இருந்தது.

“வித்தியாவுக்குச் சாதகம் பாக்கப் போனீங்களாம். நல்லம்மாக்கா சொல்லுறா. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல.”

பேஸ்போலுக்கு என்று சொன்னால் சனிக்கிழமை போய்விடும். மகளுக்கு என்று சொன்னால் வேறு ஏதாவது போகும், அது எது என்று இன்னும் தெரியாது. தெரியாததே மேல் என்று உருத்திரமூர்த்தி தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய பிறகு, பொடியனைப் பற்றிக் குறைவாகச் சொல்லியே இதை முறித்துவிடலாம் என்று நினைத்தார்.

“என்ன வேலை?” என்றார் சிவமலர்.

“கொன்ட்ராக்ட் வேலைதான். மூண்டு வருசத்துக்குக் குடுக்கிறதோ எண்டு யோசிக்கினம்.”

“முந்தி?”

“நாலு இடம் மாறினவர். ஒரு இடத்தில ரெண்டு பேரை வாங்கிக்கொண்டு இவரைக் குடுத்துவிட்டவங்கள்.”

“ரெண்டு பேருக்குச் சமன் எண்டுதானே. உடம்பு?”

“தோளில ஒப்பரேசன். பேந்து, எந்த நேரமும் விதை சப்பித் துப்பிக்கொண்டிருப்பார்.”

“உங்கட அண்ணர் வெத்திலை துப்பாத சுவர் ஊரில இருக்கோ?”

கடைசி ஆயுதமாக, பொடியன் வெள்ளைக்காரன் என்றார். சிவமலர் சுடுதண்ணீர்க் கேத்திலை அணைத்துவிட்டு வந்து எதிரே இருந்தார். சாதகம் பொருந்தினால் தோலைப் பார்க்கத் தேவையில்லை என்று மிக அமைதியாகச் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேலாகத் தன்னோடு வாழ்ந்த மனுசிதானா இது என்று உருத்திரமூர்த்தி அவரை உற்றுப் பார்த்தார்.

மறுநாள் நல்லம்மாக்காவிடமிருந்து பொருத்தமும் வந்தது. பத்துக்கு ஒன்பது. உருத்திரமூர்த்திக்கும் சிவமலருக்கும் பார்த்தபோது ஆறரைதான். அடுத்த சனிக்கிழமை பொடியனை நேரில் பார்க்க வேண்டும், எங்கே என்றாலும் வருகிறேன் என்று சிவமலர் காஞ்சிபுரச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டார்.

அன்று முழுக்க விமானச் சாப்பாட்டுத் தட்டுகளில் உருத்திரமூர்த்தி வெண்ணெய்க்குப் பதிலாகப் பாணுக்குப் பக்கத்தில் இன்னொரு பாணை வைத்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் வந்து தோளில் தட்டினார். எத்தியெனை மைதானத்தில் காட்டினால் குட்டு உடையும். காட்டாவிட்டால் சிவமலர் விடமாட்டார். பொடியன் ஊரை விட்டே போய்விட்டான் என்று சொல்ல முடிந்தால் மட்டும்தான் தப்பலாம். அதற்கு எத்தியென் உண்மையிலேயே லவாலுக்குப் போக வேண்டும்.

மூன்று வருடம் அந்த இடக்கையைப் பார்த்துப் பார்த்து எழும்பி நின்றவர் அவர். ஆனாலும் சனிக்கிழமையே இல்லாமல் போனால் எந்தக் கையைப் பார்ப்பது? வீட்டுக்கு வந்து, மகளைக் கூப்பிட்டு, நாற்பத்திரண்டாவது கடிதத்தைச் சொல்லத் தொடங்கினார். எத்தியெனுக்கு ஒப்பந்தம் கொடுக்க வேண்டாம். அவரை மரியாதையாக லவாலுக்கு அனுப்பிவிடுங்கள். அவ்வளவுதான்.

வித்தியாவின் விரல்கள் நின்றன. “அப்பா, வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?”

“ஓம்.”

“பேந்து கவலைப்படமாட்டீங்களே?”

“படுவன். நீ அடி பிள்ளை.”

அவள் அடித்தாள். முடித்ததும் எழுந்து வந்து, சின்னப் பிள்ளையில் செய்ததுபோல அவருடைய வழுக்கையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். தன் துக்கம் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று அவர் நினைத்தார். இரண்டு கிழமை எடுக்கும் மறுமொழி ஒரு மணித்தியாலத்தில் வந்தது. ஐயாவின் ஆலோசனையை முழுமனதோடு ஏற்கிறோம், எத்தியென் அடுத்த வருடம் லவாலுக்கு ஆடுவார் என்று இருந்தது. கந்தோர் இரண்டாம் முறையாக அவர் சொல் கேட்டிருக்கிறது. உருத்திரமூர்த்தி பல்கனியில் போய் இருந்து கொஞ்சம் அழுதார்.

பொடியன் ஊரை விட்டுப் போகிறான் என்று சிவமலரிடம் சொன்னார். போக முதல் பார்த்துவிடலாம் என்றார் சிவமலர்; ஊரே போகும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவனும் வருவான்தானே என்று அவரே இடத்தையும் சொல்லிவிட்டார். மறுக்க உருத்திரமூர்த்தியிடம் பொய் மிச்சமிருக்கவில்லை.

ஆகவே வில்லரே மைதானத்தின் மூன்றாவது வரிசையில் அன்றைக்கு ஒரு காஞ்சிபுரம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் குடையோடு நல்லம்மாக்காவும் இருந்தார். பந்து எந்தப் பக்கம் போகும் என்றுகூடத் தெரியாதவர் ஏன் வந்தார் என்று கேட்க உருத்திரமூர்த்திக்குத் தென்பில்லை. கோவிந்தராஜன் வெற்றிக் களிப்பில் இருந்தார். கடிதத்தின் கதை கேட்டதும் களிப்பு இறங்கிவிட்டது.

“நீங்களா எழுதினீங்க, மூர்த்தி சார்? அப்ப இருபது வாரமா நான் யாரோட சண்டை போட்டேன்? அடுத்த வருஷம் நான் யாரோட சண்டை போடறது?”

பேராசிரியர் தன் ஹொட்டோக்கில் பாதியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தார்.

ஆனால் எத்தியென் அன்றைக்கு எறிந்த எறி! தோளும் இல்லை, வயதும் இல்லை. கோவிந்தராஜன் நாலாவது சுற்றோடு வேகம் குறிப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே கை தட்டினார். கடைசி ஆள் மட்டையைக் காற்றில் சுழற்றிவிட்டு நின்றபோது மைதானமே எழும்பியது. உருத்திரமூர்த்தி வாய் நிறையச் சிரித்தார், கண் நிறைய அழுதார், பக்கத்தில் யார் என்று பாராமல் கட்டிப்பிடித்தார். அது சிவமலராக இருந்தது. சிவமலரும் அழுதுகொண்டுதான் இருந்தார். விளையாட்டுத் தெரியாத மனுசிக்கு இவ்வளவு அழுகை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

எத்தியென் தொப்பியைக் கழற்றி, ரிக்கெற் ஜன்னலுக்கு மேலே இருந்த அறையைப் பார்த்துத் தலை குனிந்தார். உருத்திரமூர்த்தியும் வழக்கம்போல முறைக்க நிமிர்ந்தார். திரை விலகியிருந்தது. உள்ளே லப்ரொப்புக்குப் பின்னால் நின்று வித்தியா கை காட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவின் கண்ணீரைத் தாங்காமல், எத்தியெனைத் திருப்பிக் கேட்க, அந்த லப்ரொப்காரனோடு சண்டை பிடிக்க மேலே ஏறிவிட்டாள் பிள்ளை. நல்லம்மாக்காவுக்கு அதைக் காட்டினார். நீங்கள் பஞ்சாங்கத்தைத் திறக்காமலே சொன்ன பலன், பலித்துவிடும் போலிருக்கிறதே என்றார்.

நல்லம்மாக்கா குடையை மடக்கினார்.

“பஞ்சாங்கம் எதுக்குத் தம்பி, அந்தச் சாதகத்தை மாசியிலேயே வித்தியா என்னட்டைக் கொண்டந்திட்டா, மேலறையில லப்ரொப்போட இருக்கிற உங்கட பிள்ளை எத்தியெனைக் கட்டுறதெண்டால் உங்கட சட்டப்படி அவர் அணியை விட்டுப் போகோணும், அதுக்கு உங்கட வாயால ஓம் வரட்டும் எண்டுதான் உங்கட மனுசியும் நாங்களும் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.”