குடை வழக்கும் என் மேல்படிப்பும்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாம் நலம், நியாயம் ஒன்றைத் தவிர.

பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் குற்ற நீதியும் படிக்க ஆசை என்று சொன்னதிலிருந்து, வீட்டில் என்னையே குற்றவாளி மாதிரி பார்க்கிறார்கள். ஒருவர் ஏன் தவறு செய்கிறார், தண்டனை அவரைத் திருத்துகிறதா, பறிகொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஆராயும் படிப்பு அது என்று பொறுமையாக விளக்கினேன். "ஜெயிலுக்குப் போறதுக்கு மார்க் வேற வேணுமாடி?" என்றார் அம்மா. அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்தே போட மாட்டாராம். கணக்கியல்தானாம்.

இந்த நேரம் பார்த்து அப்பாவின் மரப்பிடிக் குடை காணாமல் போனது. பல் முளைத்த வயதில் நான் கடித்த தடம்கூட அந்தப் பிடியில் இருக்குமே, அதேதான். பள்ளிக்கூடத்தில் நான்தான் தொலைத்திருப்பேன் என்று விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிட்டது. முறைப்படி துப்புத் துலக்கிக் காட்டலாம் என்று, குடை வைக்கும் அலமாரிக் கதவில் முகப்பவுடர் தூவி ரேகை எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? மதியம் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் பத்து விரல்களையும் மைப்பெட்டியில் ஒற்றி எடுத்தேன். அந்த ஊதா மை தேய்த்தும் போகவில்லை. மறுநாள் அலுவலகத்தில், "என்ன சார், ஜாமீன்ல வந்திருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர்கள் சிரித்ததற்கும் திட்டு எனக்குத்தான் சித்தப்பா. இது எந்த ஊர் நியாயம்?

குடை காணாமல் போன அந்த மழை நாளில் நம் வீட்டுக்கு வந்துபோனவர் நீங்கள் ஒருவர்தான். உங்களைச் சந்தேகிப்பதே பாவம் என்று விட்டுவிட்டேன். நம் குடும்பத்தில் நேர்மைக்கு நீங்கள்தான் அளவுகோல். அப்பாவும் உங்கள் சொல்லை மட்டும்தான் கேட்பார். விண்ணப்பிக்க அடுத்த புதன்கிழமை கடைசி. ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்காக வாதாடுங்கள்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசி எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
நீதி கிடைக்காத உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது தூறலில் சித்தி வந்தார். "உங்க சித்தப்பா எனக்குன்னே பார்த்து வாங்கிட்டு வந்தாரு" என்று பெருமையாகக் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். பிடியில் என் பல் தடம். அப்பா இன்னும் வீடு திரும்பவில்லை. காற்று பலம், குடை தாங்காது என்று சொல்லி, சித்திக்கு என் மழைக்கோட்டை மாட்டி, இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சாட்சியப் பொருள் என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிறு வரை வேண்டாம், நாளைக்கே வாருங்கள். தண்டிப்பதைவிடத் திருந்த வாய்ப்புக் கொடுப்பதே நல்லது என்பது என் கொள்கை. புதன்கிழமைக்குள் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால் அதில் மாற்றமில்லை.