ஒன்றரை மணி வெண்ணெய்

படித்தவள் என்று பெயரெடுத்துவிட்டால் எங்கே வாயை மூட வேண்டும் என்பது மறந்துவிடுகிறது. எனக்கு மறந்தது. அதனால் மீனாட்சிபுரத்தில் பன்னிரண்டு பெண்கள் எட்டு மாதம் காத்திருந்து ஏமாந்தார்கள்.

எல்லாம் என் குழந்தையின் கிரீமில் தொடங்கியது. (தினம் பத்து முறை நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பவள், டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் விடுவேனா?) ஷியா வெண்ணெய் என்று போட்டிருந்தது. போனில் தேடினேன். ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்கள் பொறுக்கும் கொட்டையாம். கொட்டையாக விற்றால் சொற்பம், வெண்ணெயாக்கினால் கொஞ்சம் கூடுதல், மீதியெல்லாம் டப்பாவில் அடைப்பவனுக்கு. படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. நம் இலுப்பையும் ஷியாவும் ஒரே குடும்பம் என்றும் போட்டிருந்தது. எங்கள் மகளிர் குழு ஆடியில் பொறுக்கும் இலுப்பைக் கொட்டையையும் வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தானே அள்ளிப்போகிறார்?

"இந்த வருசம் கொட்டையா விக்க வேண்டாங்க்கா. வெண்ணெயாக்கி விப்போம்," என்றேன் குழுக் கூட்டத்தில்.

ருக்மணி அக்கா மட்டும் தயங்கினார். "நெசமாலுமா அம்மிணி? வர்ற வருசம் பொண்ணக் காலேசுல சேக்கோணும். பாதிப் பீசுக்கு இதத்தான் நம்பியிருக்கறேன்."

"என்னை நம்புங்க்கா." (கேஸை அணைத்தேனா என்று மூன்று முறை திரும்பிப்போய்ப் பார்ப்பவள் சொன்னது!)

பங்குனியில் கொச்சி சோப்புக் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் வெண்ணெயைப் பார்க்கப் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். மாதிரிக்கென்று கொஞ்சம் கொட்டையை மட்டும் செக்கில் ஆட்டி, அந்த எண்ணெயை முந்தின நாளே இட்லித் தட்டில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தேன். காலையில் கல்லுப்போல இளமஞ்சள் இட்லிகள்! டப்பாவில் அடுக்கி சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். குளிர் போய்விடும் என்று யாரையும் மூடியைத் தொடவிடவில்லை.

அவர் வந்தது ஒன்றரைக்கு. மன்னிப்பு இல்லை, பிரசங்கம் இருந்தது. "ஆப்பிரிக்கன் சிஸ்டர்ஸைக் கண்டு நிங்ஙளும் படிக்கணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். ஓர் இட்லிகூட இல்லை. மஞ்சள் குளம். மோந்து பார்க்க அவர் டப்பாவைச் சாய்க்க, பாதிக்குளம் அவருடைய வெள்ளை வேட்டியில்.

"இது பட்டர் அல்லல்லோ சேச்சி!"

"காலையில பட்டராத்தானுங்க இருந்துச்சு! பத்து மணின்னு சொல்லிப்போட்டு, பங்குனி வெயில்ல ஒன்றரைக்கு வந்தா, வெண்ணெ என்னங்க, நாங்களே உருகித்தான் போவோம்!"

நான் கத்திய கத்தலில் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டாள். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டே காரேறினார். ஷியா அளவுக்கு இலுப்பை கெட்டியில்லை, நம் வெயிலில் நிற்காது என்று போனிலேயே எழுதியிருந்தது. அந்த இடம் வரை நான்தான் படிக்கவில்லை.

பழைய வியாபாரியே மறுபடி வந்தார். பழங்கொட்டை என்று பாதி விலை சொன்னார். கொடுத்தோம்.

இன்றைக்கும் குழுக் கூட்டத்துக்கு நான் ஐந்து நிமிடம் தாமதித்தால் ருக்மணி அக்காவின் குரல் தெருமுனை வரை வரும். "ஏனுங்க மேடம், நாங்க உருகறதுக்குள்ள வந்து சேருங்!" எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

அக்காவின் பெண் கல்லூரிக்குப் போகிறாள். அவர்கள் தொழுவத்தில் ஒரு மாட்டின் இடம் காலியாக இருக்கிறது. அதை மட்டும் இதுவரை யாரும் கேலி செய்ததில்லை.