விரால் வளைவில் ஒரு சிவப்பு டேக்

நெய்வேலியில் மேலதிகாரியை எதிர்த்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டேக் அண்ணாச்சி மாட்டிய சிவப்பு டேக்கைக் கழற்றத் துணிந்த ஒருவரை மட்டும் இதுவரை பார்த்ததில்லை.

சுரங்கத்தில் ஒரு பழக்கம். மோட்டாருக்குள் கைவிட்டு வேலை பார்க்கிறவர் அதன் சுவிட்சில் ஒரு சிவப்பு டேக் மாட்டிவிடுவார். என்ன வேலை, எத்தனை ஆட்கள், மாட்டியவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். வேறு யாராவது கழற்றி சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவர் உயிர் போய்விடும்.

பம்ப் ஹவுஸ் ஆபரேட்டரான அண்ணாச்சி இந்தப் பழக்கத்தைக் குவார்ட்டர்ஸுக்கும் கொண்டுவந்துவிட்டார். மனைவி கிரைண்டரைக் கழுவினால் பிளக்கில் டேக். ஸ்கூட்டர் சீட்டில் பூனை குட்டி போட்டதும் ஹேண்டில்பாரில் டேக். மூன்று வாரம் ஷிப்டுக்கு நடந்தே போனார். ஒருமுறை எங்கள் பிளாக்கின் தண்ணீர் மோட்டாரில் மாட்டியதை மறந்துவிட்டு வடலூருக்குத் தைப்பூசம் பார்க்கப் போய்விட்டார். பிளாக்கில் எலக்ட்ரீஷியன்கள் மட்டும் ஐந்து பேர். ஐவரும் மோட்டாரைச் சுற்றி நின்று பெருமூச்சு விட்டார்களே தவிர, ஒருவரும் கை நீட்டவில்லை. அன்று குளிக்காமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இந்தச் சமயத்தில்தான் ஊரை ஒட்டிய ஓடையில் நாட்டு மீன்களை மீட்க ஒரு குழு போட்டார்கள். விவசாயிகள், சுரங்கத்து இன்ஜினீயர், மீன்வளத்துறை மேடம், கூட்டக் குறிப்பு எழுத நான். ஏழு கூட்டம், ஏழு தட்டு மிக்சர். கடைசியில் ஓடையின் ஒரு வளைவை நேராக்குவதென்று வரைபடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மழைத் தண்ணீர் அந்த வளைவில் எதிர்த்து நின்று கம்மாபுரத்துத் தங்கவேலுவின் நாற்றை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. வளைவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சியைக் குழுவில் சேர்க்கவும் தோன்றவில்லை. ஷிப்டு முடிந்ததும் தினமும் அங்கே போய் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

பொக்லைன் வந்த அன்று வானம் கறுத்திருந்தது. வண்டியின் லீவரில் சிவப்பு டேக்.

டிரைவர் கீழே இறங்கி நின்றார். "எட்டு வருஷம் மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல இருந்தவன் சார். டேக் தொங்குது. நான் ஏற மாட்டேன்."

தொடாமல் எட்டிப் படித்தேன். வேலை: குஞ்சு காத்தல். ஆட்கள்: இரண்டு.

"யாருங்க அந்த ரெண்டு பேரு?" என்று கத்தினார் இன்ஜினீயர்.

கரையில் நின்றிருந்த அண்ணாச்சி தண்ணீரைக் காட்டினார். பாசிக்கு நடுவே விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கும்பலாக மிதந்தன. அடியில் தாயும் தகப்பனும் சுற்றிச் சுற்றிக் காவல்.

"டேக்கைத் தப்பா யூஸ் பண்ணினா என்ன ஆகும் தெரியுமில்ல? ரிட்டயராக நாலு மாசம்தான் இருக்கு. கழட்டுங்க" என்றார் இன்ஜினீயர்.

"உள்ள ஆளு இருக்கு சார். வெளிய வந்ததும் நானே கழட்டுதேன்" என்றார் அண்ணாச்சி.

அப்போது மண்வெட்டியோடு தங்கவேலு வந்து சேர்ந்தார். "மீனப் பாத்துகினு நின்னா என் நாத்து முழுவிப் பூடும்! என் வூட்டு அடுப்புக்கு எவன் டேக் மாட்டுவான்?"

இடி இடித்தது. கைகலப்பாகிவிடும் போலிருந்தது.

மேடம்தான் கரையிலேயே உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார். "வளைவு அப்படியே இருக்கட்டும். வெள்ளம் மட்டும் குறுக்கால போக ஒரு வாய்க்கால் வெட்டலாமா?"

குறுக்கே இருந்தது தங்கவேலுவின் நிலம். சுரங்கத்துக்கு நிலத்தை எழுதிக்கொடுத்து ஏமாந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கும் எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் நிலம் கேட்பது சாதாரண விஷயமில்லை. தங்கவேலு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து குஞ்சுகளைப் பார்த்தார்.

"ஆறு முழம் உடறேன். காயிதத்துல எழுத மாட்டேன். காயிதத்த நம்பிப் பட்டது போதும். இந்தச் செவப்ப என் வரப்புல மாட்டச் சொல்லுங்க. அதுக்கு இந்தாண்ட ஒருத்தன் கால் வைக்கக் கூடாது."

அண்ணாச்சி லீவரிலிருந்து டேக்கைக் கழற்றி, வளைவில் இருந்த கருவேலமரத்தில் மாட்டினார். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வரப்பில் ஒரு குச்சி நட்டுத் தொங்கவிட்டார். வாய்க்கால் வெட்டி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. நாற்று தப்பியது. விரால் இப்போது வளைவைத் தாண்டியும் தென்படுகிறது.

அண்ணாச்சிக்கு மெமோ வராமல் இல்லை. "வேலை இன்னும் முடியவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பதென்று யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் அவர் இறந்துவிட்டார். எனக்கு அந்த மனிதரை எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. கருவேலமரத்து டேக்கை மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். அதனால் அது அங்கேயே இருக்கிறது. வெயிலில் அவர் பெயர் மங்கும்போதெல்லாம், மார்க்கரை எடுத்துக்கொண்டு போய் அதன் மேலேயே எழுதிவிட்டு வருகிறேன்.